நைனிடாலில் பிறந்த கலகக்காரர்

மிருகங்களுக்கு உரிமை உண்டு என்று 1892-லேயே புத்தகம் எழுதியவர் ஹென்றி சால்ட். காந்தியின் சைவத்துக்குப் பின்னால் இருந்த இந்த ஆங்கிலேயர் எழுப்பிய கேள்விக்கு இந்தியா இன்னும் முழுதாகப் பதில் சொல்லவில்லை.

1888-ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். லண்டனுக்கு வந்து அதிக நாள் ஆகாத பத்தொன்பது வயது குஜராத்தி இளைஞர் ஒருவர் பசியோடு தெருத்தெருவாக அலைந்துகொண்டிருக்கிறார். தினமும் பத்து, பன்னிரண்டு மைல் நடை. இறைச்சியைத் தொடுவதில்லை என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறியவர். தங்கியிருந்த வீட்டில் கிடைத்ததோ உப்புச் சப்பில்லாத கீரையும் இரண்டு மூன்று துண்டு ரொட்டியும். இன்னும் கொஞ்சம் கேட்கக் கூச்சம். ஒருநாள் ஃபாரிங்டன் தெருப் பக்கம் போனபோது ஒரு சைவ உணவு விடுதி கண்ணில் படுகிறது. வாசல் அருகே கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் சில புத்தகங்கள் விற்பனைக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு ஷில்லிங் கொடுத்து ஒரு புத்தகத்தை வாங்கிக்கொண்டுதான் சாப்பிடப் போகிறார். இங்கிலாந்துக்கு வந்தபிறகு அவர் வயிறாரச் சாப்பிட்டது அன்றுதான்.

அந்த இளைஞர் மோகன்தாஸ் காந்தி. புத்தகம், ‘சைவ உணவுக்கு ஒரு வேண்டுகோள்’ என்று தமிழில் சொல்லக்கூடிய கட்டுரைத் தொகுதி. எழுதியவர் ஹென்றி சால்ட். அதுவரை காந்தி சைவமாக இருந்தது சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு. இந்தியர்கள் எல்லோரும் இறைச்சி சாப்பிட வேண்டும், தானும் ஒருநாள் தடையின்றிச் சாப்பிட வேண்டும் என்பதுதான் அவருடைய உள்மன ஆசையாக இருந்தது. அதைச் சுயசரிதையில் அவரே ஒப்புக்கொள்கிறார். சால்ட்டைப் படித்து முடித்தபோது அந்த ஆசை போய்விட்டது. அம்மாவுக்காக இருந்த சைவம், தன் முடிவாக மாறியது.

காந்தியின் கதையைச் சொல்பவர்கள் இந்தச் சம்பவத்தைச் சொல்லிவிட்டு தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விடுவார்கள். சால்ட் அந்த ஜன்னலிலேயே நின்றுவிடுவார். அவர் வெறும் சைவப் பிரசாரகராக இருந்திருந்தால் இதைப் பற்றிக் குறைசொல்ல ஏதுமில்லை. ஆனால் மிருகங்களைப் பற்றி இன்று உலகம் முழுவதும் நடக்கும் வாதங்களில் பெரும் பகுதியை நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்துவிட்டுப் போனவர் அவர். அதோடு, மிருகத்துக்கு இழைக்கும் கொடுமையும் மனிதனுக்கு இழைக்கும் கொடுமையும் ஒரே வேரில் முளைப்பவை, ஒன்றை விட்டுவிட்டு மற்றதை வெட்ட முடியாது என்று பிடிவாதமாகச் சொன்னவர். இந்தப் பிடிவாதம்தான் இன்றைய இந்தியாவுக்கு அவரிடமிருந்து தேவைப்படுவது.

சால்ட் பிறந்ததே இந்தியாவில். 1851 செப்டம்பர் 20, நைனிடால். அப்பா வங்காளப் பீரங்கிப் படையில் ராணுவ அதிகாரி. பெற்றோருக்குள் ஒத்துப்போகவில்லை. ஒரு வயதுக் குழந்தையாக அம்மாவோடு இங்கிலாந்து போனார். பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் ஈட்டன் பள்ளியில் படித்து, கேம்பிரிட்ஜில் கிரேக்கமும் லத்தீனும் கற்று முதல் வகுப்பில் தேறி, 1875-ல் ஈட்டனுக்கே ஆசிரியராகத் திரும்பினார். 1879-ல் அங்குள்ள மூத்த ஆசிரியரின் மகள் கேட்டை மணந்தார். நல்ல சம்பளம், சமூகத்தில் மரியாதை. ஓய்வு பெறும்வரை கவலையில்லாத வாழ்க்கை.

அந்த வாழ்க்கைதான் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஷெல்லியையும் தோரோவையும் படித்தார். சோஷலிசம் பேசும் நண்பர்கள் சேர்ந்தார்கள். சாப்பாட்டு மேஜையைப் பார்க்கும் பார்வை மாறியது. இவ்வளவு படித்த கனவான்கள் செத்த பிராணிகளின் உடலை ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டே நாகரிகம் பற்றிப் பேசுகிறார்களே என்று தோன்ற ஆரம்பித்தது. உழைக்காத தங்களை உழைக்கும் ஏழைகள்தானே தாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்ற உறுத்தலும் கூடவே வந்தது. 1884-ல் வேலையை உதறினார். இந்தப் பள்ளி முறையில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது என்று தலைமை ஆசிரியரிடம் சொன்னபோது, எல்லாம் சைவச் சாப்பாட்டால் வந்த வினை என்பதுதான் அவருக்குப் பட்ட காரணம்.

சால்ட் தம்பதி சர்ரே மாவட்டத்தில் டில்ஃபோர்டு என்ற கிராமத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கும் சிறிய வீடு ஒன்றுக்குப் போனார்கள். வேலைக்காரர்கள் கிடையாது. ஆசிரியருக்குரிய கறுப்பு அங்கியைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்துச் செடிகொடிகளைச் சுவரோடு கட்டினார் சால்ட். உயரமான பட்டுத் தொப்பி, தோட்டத்தில் இளம் பூசணிக்கு வெயில் படாமல் மறைக்கப் பயன்பட்டது. வீட்டுக்கு அடிக்கடி வரும் விருந்தாளிகளில் ஒருவர் ஜார்ஜ் பெர்னார்ட் ஷா. வந்தால் கேட்டோடு உட்கார்ந்து பியானோ வாசிப்பார்.

1891-ல் சால்ட் நண்பர்களோடு சேர்ந்து ‘மனிதாபிமான சங்கம்’ ஒன்றைத் தொடங்கினார். கொள்கை ஒற்றை வரியில் அடங்கும்: உணர்ச்சியுள்ள எந்த உயிருக்கும் தவிர்க்கக்கூடிய துன்பத்தைத் தருவது அநியாயம். ‘எந்த உயிருக்கும்’ என்பதை அவர்கள் எழுத்து பிசகாமல் எடுத்துக்கொண்டார்கள். சோதனைக்கூடங்களில் பிராணிகளை அறுப்பதை எதிர்த்தார்கள். சிறைகளின் நிலைமையை எதிர்த்தார்கள். பெண்களின் தொப்பிக்காகப் பறவைகளைக் கொல்வதையும், குற்றவாளிகளைத் தூக்கில் போடுவதையும் ஒரே மூச்சில் எதிர்த்தார்கள். கசையடி, போர், கசாப்புக்கூடம் எல்லாம் ஒரே பத்திரிகையின் அடுத்தடுத்த பக்கங்களில் வந்தன.

இதனால் இரண்டு பக்கமும் திட்டு. ஏழைகள் தவிக்கும்போது முயலுக்கு என்ன அவசரம் என்றார்கள் ஒரு தரப்பினர். முயலைக் காப்பாற்ற வந்த இடத்தில் கைதிகளைப் பற்றி எதற்குப் பேச்சு என்றார்கள் மறுதரப்பினர். சால்ட் இருவரையும் விடவில்லை.

சங்கத்துக்குச் சில வெற்றிகளும் கிடைத்தன. அரச குடும்பத்துக்கென்றே ஒரு வேட்டை நாய்ப் படை இருந்தது. வளர்ப்பு மானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்த் திறந்துவிடுவார்கள். நாய்களும் குதிரைகளும் துரத்தும். கடைசியில் மானைப் பிடித்து மறுபடி வண்டியில் ஏற்றிக் கொண்டுவருவார்கள், அடுத்த வேட்டைக்கு. சங்கம் பத்தாண்டுகள் விடாமல் பிரசாரம் செய்தது. 1901-ல் அந்த வேட்டைப் படை கலைக்கப்பட்டது. கடற்படையில் சிறுவர்களை மிலாறுக் கட்டால் விளாசும் தண்டனையும் 1906-ல் நிறுத்தி வைக்கப்பட்டது. இதற்காகவும் சங்கம் வருடக்கணக்கில் எழுதியிருந்தது.

ஈட்டன் பள்ளி மாணவர்கள் நாய்களை வைத்து முயல் வேட்டையாடும் வழக்கத்தை மட்டும் அசைக்க முடியவில்லை. மனுக்கள் போட்டுப் பார்த்து அலுத்துப்போன சால்ட், 1907-ல் ஒரு குறும்பு செய்தார். வேட்டையை விழுந்து விழுந்து புகழும் மாணவர் பத்திரிகை போல ஒன்றைத் தயாரித்து வெளியிட்டார். முயலைக் கிழிப்பது எப்படி இளைஞர்களின் குணத்தை உருவாக்குகிறது என்று பக்கம் பக்கமாக மெச்சியது அது. முழுக்க முழுக்கக் கிண்டல். ஆனால் வேட்டை ஆதரவுப் பத்திரிகைகள் சில அதை நிஜமென்றே நம்பி வரவேற்று எழுதின. உங்கள் வாதத்தையும் அதன் கேலியையும் உங்களுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை என்று சிரித்தார் சால்ட். இங்கிலாந்தில் நாய்களைக் கொண்டு வேட்டையாடுவதைத் தடைசெய்யும் சட்டம் வந்தது 2004-ல்தான்.

சால்ட் எழுதிய புத்தகங்கள் நாற்பதை ஒட்டி வரும். ஷெல்லி, தோரோ வாழ்க்கை வரலாறுகள் உண்டு. காட்டுப் பூக்களைப் பற்றி உண்டு. வர்ஜிலின் காவியத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டு. சுயசரிதைக்கு, காட்டுமிராண்டிகள் நடுவே எழுபது வருடம் என்று தலைப்பு. காட்டுமிராண்டிகள் வேறு யாருமல்ல, அவருடைய சக ஆங்கிலேயர்கள்தான். ஆனால் நிலைத்து நிற்பது 1892-ல் வந்த ‘மிருகங்களின் உரிமைகள்’. ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞர் பீட்டர் சிங்கர் 1975-ல் எழுதிய புத்தகம்தான் நவீன மிருக உரிமை இயக்கத்தைத் தொடங்கிவைத்தது என்பார்கள். சால்ட்டின் புத்தகம் 1980-ல் மறுபதிப்பு வந்தபோது அதற்கு முன்னுரை எழுதியவர் அதே சிங்கர்.

அந்தச் சிறிய புத்தகத்தின் அடிப்படை எளிமையானது. மிருகங்களிடம் இரக்கம் காட்டுங்கள் என்று அதற்கு முன்பும் நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள். இரக்கம் காட்டுபவரின் மனதைப் பொறுத்தது. இன்று வரும், நாளை போகும். சால்ட் கேட்டது உரிமையை. மனிதனுக்கு உரிமை என்று ஒன்று இருக்குமானால் மிருகத்துக்கும் இருக்கிறது. இரண்டும் ஒரே உரிமைகளாக இருக்கவேண்டிய அவசியமில்லை. ஒவ்வொரு மிருகமும் தனித்தன்மையுள்ள ஒரு உயிர், தன் இயல்புப்படி வாழ அதற்கு வழிவிட வேண்டும் என்றார். அந்தச் சுதந்திரத்துக்கு எல்லை இருப்பதையும் அவர் மறைக்கவில்லை. சமூகத்தின் நிரந்தரமான, நியாயமான தேவைகள் அந்த எல்லையைப் போடலாம். வேட்டைக்காரனின் பொழுதுபோக்கும் தொப்பிக் கடையின் லாபமும் அப்படிப்பட்ட தேவைகள் ஆகிவிடா.

தமிழ் வாசகர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க மனுநீதிச் சோழன் கதை போதும். கன்றை இழந்த பசு அரசனிடம் கருணை கேட்டுக் கதறவில்லை. குடிமக்கள் நீதி கேட்பதற்காகக் கட்டிவைத்த மணியை அடித்தது. வழக்கும் நடந்தது, தீர்ப்பும் வந்தது. சால்ட் கேட்டது இந்த மணியை. தேரேற்றி மகனைக் கொன்ற தீர்ப்பை மட்டும் அவர் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். மரண தண்டனையையும் எதிர்த்தவர் அல்லவா?

மொழிபெயர்ப்பு வேலை செய்பவர்களை உறுத்தக்கூடிய பக்கம் ஒன்றும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. மிருகங்களைக் குறிக்கும் சொற்களைப் பற்றியது. ‘ஊமைப் பிராணிகள்’ என்று ஆங்கிலத்தில் பரிதாபத்தோடு சொல்வார்கள். இந்தச் சொல் இரக்கத்தை வளர்ப்பதாக நினைக்கிறீர்கள், உண்மையில் நமக்கும் அவற்றுக்கும் நடுவில் தாண்ட முடியாத சுவரைத்தான் எழுப்புகிறது என்கிறார் சால்ட். மனிதர்களை ‘நபர்கள்’ என்ற வகையிலும் மிருகங்களைப் ‘பொருள்கள்’ என்ற வகையிலும் சட்ட அறிஞர்கள் வைத்ததைப் பற்றி பெந்தம் சொன்னதையும், நாயையும் குரங்கையும் ‘அது’ என்று சொல்வதை ஷோபன்ஹவர் கண்டித்ததையும் எடுத்துக்காட்டுகிறார்.

இதைத் தமிழில் எழுத உட்காருபவர் உடனே மாட்டிக்கொள்வார். நம்மிடம் ‘வாயில்லா ஜீவன்’ இருக்கிறது. ‘கால்நடை’ இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், தொல்காப்பிய காலத்திலிருந்து வரும் திணைப் பாகுபாடு இருக்கிறது. மனிதர் உயர்திணை, பசு, கல், நாற்காலி மூன்றும் அஃறிணை. ஆசையாக வளர்க்கும் நாயை ‘வந்தான், போனான்’ என்று சொல்லும் வீடுகள் நிறைய. அதைப் பள்ளிக்கூடக் கட்டுரையில் எழுதினால் சிவப்பு மையில் ஒரு சுழி விழும். அதே தொல்காப்பியம் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வரிசைப்படுத்தும்போது புல்லிலிருந்து மனிதர்வரை ஒரே ஏணியில்தான் ஏற்றுகிறது என்பதும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது. சுவரும் நம் மொழியில் இருக்கிறது, ஏணியும் இருக்கிறது.

சால்ட்டின் இன்னொரு வாதம் இன்றும் சாப்பாட்டு மேஜைகளில் பயன்படும். நாம் சாப்பிடுவதால்தானே பன்றியை வளர்க்கிறார்கள், இல்லாவிட்டால் அது பிறந்தே இருக்காதே, அந்த வகையில் அதற்கு நாம் உபகாரம்தானே செய்கிறோம் என்று அப்போதும் கேட்டார்கள். இதைப் ‘பண்டக அறைத் தர்க்கம்’ என்று பரிகசித்தார் சால்ட். பிறக்காத ஒன்றுக்கு நல்லதோ கெட்டதோ செய்ய முடியாது. பிறந்துவிட்ட பிறகு அதை எப்படி நடத்துகிறோம் என்பதுதான் கேள்வி. பிறப்பித்தவனுக்குக் கொல்ல உரிமை உண்டென்றால் அந்த வாதத்தைப் பெற்றோர்களும் பயன்படுத்தலாமே என்ற இடத்தில் எதிராளிக்குப் பேச்சு நின்றுவிடும்.

காந்தி–சால்ட் தொடர்பு அந்த ஒரு ஷில்லிங்கோடு முடியவில்லை. அமெரிக்க எழுத்தாளர் தோரோவின் வாழ்க்கையை சால்ட் 1890-ல் எழுதியிருந்தார். தென்னாப்பிரிக்காவில் போராட்டம் உச்சத்தில் இருந்த 1907 வாக்கில் நண்பர் ஒருவர் அனுப்பி, சட்டமறுப்பு பற்றிய தோரோவின் கட்டுரையை காந்தி படித்தார். ‘இந்தியன் ஒபீனியன்’ பத்திரிகைக்காக அதில் ஒரு பகுதியை மொழிபெயர்த்தார். இந்த மனிதரைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள வேண்டுமென்று தேடியபோது கைக்கு வந்தது சால்ட் எழுதிய வரலாறு. இதையெல்லாம் 1929-ல் சால்ட் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதிலாக காந்தியே தெரிவித்தார்.

இருவரும் 1931 நவம்பர் 20 அன்று லண்டனில் ஒரே மேடையில் உட்கார்ந்தார்கள். காந்தி வட்டமேஜை மாநாட்டுக்கு வந்திருந்தார். சைவ உணவுச் சங்கத்தின் கூட்டம். பக்கத்தில் எண்பது வயது சால்ட். முன்னோர் வழக்கம், அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு இவற்றுக்கு அப்பால் சைவம் ஏன் ஒரு தார்மிகக் கடமை என்று தனக்குக் காட்டியது இவர் புத்தகம்தான் என்று காந்தி சபையறியச் சொன்னார். சைவர்கள் எந்நேரமும் சாப்பாட்டையும் வியாதியையும் பற்றியே பேசிக்கொண்டிருக்கக் கூடாது, அறம்தான் அதற்கு அடித்தளம் என்றும் எச்சரித்தார்.

இருவரும் ஒன்றுபோல யோசித்தவர்கள் அல்ல. காந்தி கடவுள் நம்பிக்கையுள்ளவர், கடமை என்ற மொழியில் பேசியவர். சால்ட் பகுத்தறிவுவாதி, பேசியது உரிமையின் மொழி. ஆனால் ஒரு விஷயத்தில் நூல்பிடித்தாற்போல ஒத்துப்போனார்கள். 1909-ல் எழுதிய ‘ஹிந்த் ஸ்வராஜ்’ நூலில் காந்தி, பசுவைக் காப்பாற்ற ஒரு முஸ்லிமோடு சண்டை போடவோ அவரைக் கொல்லவோ மாட்டேன், அப்படிச் செய்தால் அவருக்கும் பசுவுக்கும் சேர்த்தே எதிரியாகிவிடுவேன் என்றார். இந்துக்களே பசுவை வதைக்கிறார்களே, அவர்களிடமிருந்து அதைக் காப்பாற்றுவது யார் என்றும் கேட்டார். 2015 செப்டம்பரில் உத்தரப் பிரதேசத்தின் தாத்ரி அருகே, வீட்டில் மாட்டிறைச்சி வைத்திருப்பதாகப் பரவிய வதந்தியால் ஒரு மனிதர் அடித்துக் கொல்லப்பட்டார். இத்தகைய கும்பல் கொலைகளைத் தடுக்க 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விரிவான உத்தரவு போடவேண்டி வந்தது. மிருகத்தின் பெயரால் மனிதனை அடிப்பவர், மிருகத்திடம் அன்புள்ளவராக இருக்க முடியுமா? சால்ட்டின் கணக்கில் முடியாது.

நம் சட்டங்கள் இரக்கத்துக்கும் உரிமைக்கும் நடுவில்தான் இன்னும் நின்றுகொண்டிருக்கின்றன. 1890-லேயே வெள்ளையர் அரசு மிருகவதைத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. 1950-களில் மாநிலங்களவை உறுப்பினர் ருக்மிணி தேவி அருண்டேல் புதிய மசோதா ஒன்றைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி தந்ததால் அதைத் திரும்பப் பெற்றார். அதன் பலன் 1960-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் அதில் வதைக்கு முதல் முறை தண்டனையாக வைக்கப்பட்ட அபராதம் குறைந்தபட்சம் 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். இதை உயர்த்த 2022-ல் மத்திய அரசு ஒரு திருத்த வரைவை வெளியிட்டது.

உரிமை என்ற கேள்வி நேராக எழுந்தது ஜல்லிக்கட்டு வழக்கில். 2014 மே மாதம் இரண்டு நீதிபதிகள் அமர்வு, அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவில் உள்ள ‘உயிர்’ என்ற சொல்லை மிருகங்களுக்கும் விரித்துப் படித்தது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தமிழகத்தின் ஜல்லிக்கட்டுத் திருத்தச் சட்டம் செல்லும் என்றது. மிருகங்களுக்கு அடிப்படை உரிமை உண்டு என்று அரசியல் சட்டம் ஏற்றதற்கு முன்னுதாரணம் இல்லை என்றும் சொன்னது. 1892-ன் கேள்வி மறுபடி சட்டமன்றங்களின் வாசலுக்கே வந்துவிட்டது.

2025 ஆகஸ்டில் டில்லித் தெருநாய்கள் விவகாரத்தில் ஊர் இரண்டுபட்டது. எல்லா நாய்களையும் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கும்படி 11-ஆம் தேதி வந்த உத்தரவு, வெறிநாய்களும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு அதே இடத்தில் விடலாம் என்று 22-ஆம் தேதி மாற்றப்பட்டது. நாய்ப் பிரியர்கள் ஒரு பக்கம், கடிபட்ட குழந்தைகளின் பெற்றோர் மறுபக்கம் என்று விவாதம் போனது. சால்ட் எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார்? கடிபடுவது பெரும்பாலும் தெருவில் நடந்துபோகிற, தெருவில் விளையாடுகிற, தெருவிலேயே தூங்குகிற ஏழைகள். குப்பையை அள்ளாமல், கருத்தடையை ஒழுங்காகச் செய்யாமல் விட்ட நகராட்சிகளால் கைவிடப்பட்டவர்கள் இந்தக் குழந்தைகளும்தான், அந்த நாய்களும்தான். இருவரையும் எதிரெதிரே நிறுத்துவதில் யாருக்கு லாபம் என்பதை அவர் முதலில் கேட்டிருப்பார்.

முதல் உலகப் போர் சால்ட்டை மிகவும் பாதித்தது. மனிதர்கள் லட்சக்கணக்கில் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருக்கும்போது முயலைப் பற்றிப் பேச யார் கேட்பார்கள்? 1919-ல் சங்கம் மூடப்பட்டது. அதே ஆண்டு கேட் இறந்துபோனார். அப்போதும் சால்ட் எழுத்தை நிறுத்தவில்லை. எல்லா உயிர்களும் உறவு என்பதே தனக்கு எஞ்சிய மதம் என்று 1935-ல், எண்பத்து நான்காவது வயதில், ஒரு புத்தகம் எழுதினார். 1939 ஏப்ரல் 19 அன்று காலமானார். ஐந்து மாதத்தில் அடுத்த போர்.

இறுதிச் சடங்கில் மதச் சொற்பொழிவு கூடாது என்பது அவர் விருப்பம். வாசிக்க வேண்டிய உரையைத் தானே எழுதி வைத்திருந்தார். அதில் தன்னை நான்கு சொற்களால் அடையாளப்படுத்திக்கொண்டார்: பகுத்தறிவுவாதி, சோஷலிஸ்ட், சமாதானவாதி, மனிதாபிமானி. ‘மிருகப் பிரியர்’ என்பது அந்தப் பட்டியலில் இல்லை.